ஆறு கட்டையில் நாலு பாட்டு

நவம்பர் 10

இந்த நோட்டு எனக்காக வாங்கியதல்ல. என் இடது கைக்காக வாங்கியது. ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி சொல்லித் தரும் பெண், மஞ்சள் ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து, தினமும் இதை அழுத்த வேண்டும், அழுத்தியதை நோட்டுப் போட்டு எழுத வேண்டும் என்று என் மனைவி பிலோமியிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இருதயம் என்கிற எழுபத்தாறு வயது ஆள் பந்து அழுத்தினான் என்பதை எழுதி வைத்து யார் படிக்கப் போகிறார்கள்? எனக்கு எழுதத் தெரியாது. பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் கலாசியாகச் சேர்ந்த அன்றும் கைநாட்டு, பென்ஷன் வாங்கிய அன்றும் கைநாட்டு. பிலோமி எட்டாவது படித்தவள். நோட்டு வீணாகக் கூடாது என்கிறாள். சரி, நான் சொல்வதை எழுது, பந்தை எழுதாதே என்றேன். நான் பேசுவதைப் பள்ளிக்கூடத் தமிழாக்கித்தான் எழுதுவாளாம். எழுதட்டும். ஆனால் மற்றவர்கள் பேசியதை அவர்கள் பேசியபடியே போட வேண்டும், திட்டுகளை முழுங்கக் கூடாது என்று பேச்சு.

முதலில் இதை எழுது. எனக்கு வந்தது பக்கவாதம் இல்லை. ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில் இடது கையில் வாயு பிடித்துக்கொண்டது. காபி டம்ளர் கீழே விழுந்தது. இவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. என் தலையைப் படம் பிடித்து, அதை டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, “இந்த எடத்துல ஒரு சின்ன அடைப்புங்கய்யா” என்றார். கரி பிடித்த லாந்தர் கண்ணாடி மாதிரி இருந்தது அது. அதில் என்ன தெரிந்ததோ அவருக்கு.

நவம்பர் 12

ஸ்தனிஸ் வந்தான். என் வீட்டு வாசற்படியை அவன் மிதித்து முப்பத்து மூன்று வருஷம் ஆகிறது.

அவன் யார் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ‘பொன்மலை ரிதம்ஸ்’ மெல்லிசைக் குழுவுக்கு இன்றைக்கு அவன்தான் தலைவன். கீபோர்டு வாசிப்பவன். நாங்கள் குழு ஆரம்பித்தபோது அவன் அரை டிரவுசர். நான் பேஸ் கிட்டார். கூட்டத்தில் யாருக்கும் தனியாகக் காதில் விழாது, நிறுத்தினால் மட்டும் என்னவோ போல இருக்கும், அந்த வாத்தியம்.

தொண்ணூற்று ஒன்றாம் வருஷம், மே மாதம், மணப்பாறையில் ஒரு கல்யாண வரவேற்பு. பெண் வீட்டார் வெங்காய வியாபாரிகள். நான் காப்பிக் கலர் பேண்ட் போட்டிருந்தேன். பந்தி முடிந்து, வேனில் சாமான் ஏற்றும்போது இந்த ஸ்தனிஸ் வந்து, “அண்ணே, புது கீபோர்டுல எடது கையிலயே பேஸ் வந்துருதுண்ணே. இனிமே ஒங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல்?” என்றான். அலைச்சல்! என் மேல் இரக்கப்பட்டது போலச் சொன்னான். அன்றோடு என் வாசிப்பு முடிந்தது. வாசித்ததை அவனுடைய இடது கை எடுத்துக்கொண்டது. கோயிலில் பார்த்தால் தலையாட்டுவான். நான் பீடத்தைப் பார்ப்பேன்.

இன்றைக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். தலை பூராவும் நரைத்துவிட்டது.

“அண்ணே, குழுவுக்கு அம்பதாவது வருசம். டிசம்பர் எட்டு மாதா திருவிழாவுல நம்ம கச்சேரி. நாலு பாட்டுக்காவது நீங்க பேஸ் வாசிக்கணும்.”

“ஒன் எடது கைக்கு என்ன வந்துச்சு?”

 என் இடது கையைப் பார்த்தான். பிறகு காலண்டரைப் பார்த்தான். பிலோமிதான் கை வைத்தியம் பற்றி எல்லாவற்றையும் கக்கியிருக்க வேண்டும். இல்லை என்கிறாள். இல்லை என்று இதிலும் எழுதுகிறாள்.

“வாசிக்கிறேன்” என்றேன். “ஆனா மேடையில ஒன் எடது கை பேஸ் பக்கம் வரப்படாது. வந்துச்சு, எறங்கிப் போயிருவேன்.”

“சரிண்ணே.”

“என்ன சரி? சத்தியம் பண்ணு.”

“மாதா மேல சத்தியம்ணே.”

நவம்பர் 15

கிட்டார் பார்க்கப் போனோம். குழுவுக்கே சொந்தமாக ஒரு பழைய பேஸ் வாங்கிவிடலாம், நான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது ஸ்தனிஸின் ஏற்பாடு. புதுசு வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். புது மரத்துக்கு இன்னும் தான் மரம் என்ற ஞாபகமே போயிருக்காது.

முதலில் ஆங்கிலோ இந்தியரான ஹேசலம்மா வீடு. அவர் புருஷன் டெரிக் துரை ரயில் ஓட்டியவர், ரயில்வே இன்ஸ்டிடியூட் டான்ஸ்களில் பேஸ் வாசித்தவர். அவருடைய ஜப்பான் பேஸை இரவல் வாங்கித்தான் நான் பதினேழு வருஷம் வாசித்தேன். கச்சேரி முடிந்தால் துடைத்து, பெட்டியில் வைத்து, மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். கடைசியாகக் கொடுத்தது மணப்பாறைக்கு மறுநாள். பெட்டி அதே கட்டிலுக்கு அடியில் அதே இடத்தில் இருந்தது. திறந்ததும் அதே வாசனை, பழைய கம்பித் துருவும் நாஃப்தலின் உருண்டையும்.

சிவப்பும் கறுப்புமாக இழைந்த உடம்பு. நீளக் கழுத்து. திருச்சி ஜில்லாவில் இதற்கு மிஞ்சின பேஸ் இல்லை என்று நானே நூறு பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன். மடியில் வைத்து, கழுத்தின் கோடிவரை கையை நீட்டி, குறுக்குத் தகடுகளுக்கு நடுவில் முதல் கட்டத்தில் கம்பியை அழுத்தினேன்.

உடனே பெட்டியில் வைத்து மூடிவிட்டேன்.

“இது வேணாம்” என்றேன். “கழுத்து வளைஞ்சிருக்கு.”

ஹேசலம்மாவுக்கு எண்பத்தொன்று. குரல் இன்னும் கார்டு விசில்தான். “என்ன மேன் இருதயம், என்ன வளைஞ்சிருக்கு? டெரிக் இத வருசா வருசம் எண்ண போட்டு வெச்சான் மேன்! கண்ணு தெரியலைன்னா சொல்லு, கண்ணாடி தரேன்!”

பெட்டியைத் திறந்து, கழுத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து ஸ்தனிஸ் பார்த்தான். தண்டவாளம் மாதிரி நேராக இருந்திருக்கும், எனக்குத் தெரியும். “லேசா வளைஞ்ச மாதிரிதான் இருக்கும்மா” என்று அவரிடம் சொன்னான் பொய்யன்.

அடுத்தது பாலக்கரையில் பழைய சாமான் கடை. அங்கே ஒரு கல்கத்தா பேஸ் தொங்கியது. குட்டைக் கழுத்து. அந்தக் காலத்தில் வெளிநாட்டுச் சாமான் கிடைக்காதபோது கல்கத்தாவில் செய்து விற்றார்கள். இதை வைத்திருப்பவனைப் பார்த்தால் ‘விறகை எங்கடா வெட்டுன’ என்று நான்தான் கேலி செய்வேன். கட்டங்கள் நெருக்கமாக இருக்கும். கை அதிகம் நீள வேண்டியதில்லை. கம்பியின் விறைப்பும் குறைவு.

“இதான்” என்றேன்.

“இதாண்ணே?”

“ஏன், ஒனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா? பேஸ் வாசிக்கப் போறது யாரு?”

தூக்கிக்கொண்டு வந்தோம். கழுத்து நீளம் பற்றி நான் சொன்னதை எழுத வேண்டாம் என்றேன். எழுதிவிட்டாள்.

நவம்பர் 17

மழை. பழைய கம்பிகளைச் சோடா உப்புப் போட்டு வேக வைத்தேன். அழுக்கு இறங்கி, செத்த கம்பி பேச ஆரம்பித்தது. இனிமேல் அந்தக் குண்டானில் சாம்பார் வைக்க மாட்டாளாம்.

நவம்பர் 19

கல்கத்தாக்காரனுக்கு வேலை தெரியவில்லை. கம்பி, கட்டத்தை விட்டு ஒரு முழம் தள்ளி நிற்கிறது. அழுத்துவதற்கு யானை வேண்டும். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜைக் கீழே இறக்கினேன். போதவில்லை. இதற்கு மேல் இறங்க இடமில்லை.

இந்த மாதிரி நேரத்தில் கழுத்தைக் கழற்றி, அது உடம்பில் உட்காரும் குழிக்குள் ஒரு பக்கமாக மெல்லிசான எதையாவது வைத்து மாட்ட வேண்டும். கழுத்து ஒரு நூல் பின்னால் சாயும், கம்பி கட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். டெரிக் துரை சீட்டுக்கட்டு அட்டையை வைப்பார். அட்டை நசுங்கிவிடும். நசுங்காத, வழவழப்பான, சரியான கனத்தில் ஒரு பொருள் வேண்டும். பீரோ மேல் இருந்தது.

என் தலைப் படம்.

கத்தரியால் மூலையில் ஒரு விரலகலம் வெட்டினேன். கச்சிதம். அந்தப் படத்தால் இந்த வீட்டுக்கு ஏற்பட்ட முதல் பிரயோஜனம்.

பிலோமி பார்த்துவிட்டாள். “ஏங்க, கிறுக்கா புடிச்சிருக்கு? அடுத்த மாசம் டாக்டரு கேப்பாரே, என்ன சொல்வேன்?”

“மூளைய கிட்டாருக்கு வெச்சிட்டாருன்னு சொல்லு.”

“வெட்டுனது மூளையா வெறும் கறுப்பா?”

“ஓரந்தான். டாக்டரு காமிச்ச அந்தச் சின்ன எடம் அப்படியே இருக்கு. பத்திரமா வெச்சுக்க.”

சாப்பிடும்வரை அவள் என்னோடு பேசவில்லை. சாப்பிடும்போது ரசத்தை இடது பக்கமாக வைத்தாள். டம்ளரை இடது கையால் எடுக்கட்டும் என்று. இந்தச் சூழ்ச்சியெல்லாம் எனக்குத் தெரியாதா? வலது கையால் எட்டி எடுத்தேன். சிந்தியது. அதற்கும் நான்தான் காரணமாம்.

நவம்பர் 22

முதல் ஒத்திகை. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பங்கு மண்டபம். எங்கள் பாடகி சுகுணா காலில் விழுந்து கும்பிட்டது. நல்ல பிள்ளை. மேளக்காரர், தபேலாக்காரர் எல்லோரும், “வாங்க பெரியவரே” என்றார்கள். பெரியவர் என்றாலே எனக்குப் பிடிக்காது. சாகப்போகிறவனைக் கூப்பிடுவது போல இருக்கிறது.

வாசித்தேன்.

ஆம்ப் சரியில்லை. மண்டபத்தில் எதிரொலி. நாற்காலி உயரம். இந்தக் கல்கத்தாச் சனியனின் கழுத்து தடியாக இருக்கிறது, அரச மரத்தைக் கட்டிப்பிடிப்பது போல. வேறு ஒன்றும் இல்லை.

பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பேச்சைக் கேட்கின்றன. மற்ற மூன்றும் ஒப்புக்கு நிற்கின்றன. கம்பியை அழுத்திப் பிடிக்கச் சொன்னால் வழுக்குகிறது. ஒற்றை விரலால் ஓடிப் பிடிப்பதற்குள் பாட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது. ஆனால் சாவியைத் திருகி சுருதி சேர்க்கும்போது அதே கைதான், கிண்ணென்று திருகுகிறது. அப்படியென்றால் கோளாறு கையிலா, கழுத்திலா? யோசித்துப் பாருங்கள்.

இது போகட்டும். நான் கொதித்தது வேறு விஷயத்துக்கு. இரண்டாவது பாட்டின் சரணத்தில் என் விரல் வழுக்கி நான் நின்றுவிட்டேன். பேஸ் நிற்கவில்லை! அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது! திரும்பிப் பார்த்தால் ஸ்தனிஸின் இடது கை, கீபோர்டின் கோடியில், பூனை போலப் போய்வந்து கொண்டிருக்கிறது.

“ஸ்தனிஸ்!”

எல்லா வாத்தியமும் நின்றது.

“மாதா மேல சத்தியம் பண்ணுனியே, அதுக்கு என்ன அர்த்தம்?”

“ஒத்திகைதானண்ணே... மேடையில பண்ண மாட்டேன்.”

“முப்பத்து மூணு வருசமா என் சோத்தத் தின்னுச்சு அந்தக் கை. இன்னும் பசி அடங்கலையா?”

சுகுணா தண்ணீர் பாட்டிலை நீட்டியது. தட்டிவிட்டேன். இப்போது யோசித்தால் அந்தப் பிள்ளையிடம் அப்படிச் செய்திருக்க வேண்டாம். ஆனால் ஸ்தனிஸிடம் செய்தது சரி.

நவம்பர் 23

கண்ணாடிச் சில்லால் கழுத்தின் பின்பக்கத்தைச் சுரண்ட ஆரம்பித்தேன். கிட்டாரை முழங்காலால் இடுக்கிக்கொண்டு வலது கையால் சுரண்ட வேண்டியிருக்கிறது. சுருள் சுருளாக மரம் வருகிறது. தேக்கு இல்லை, ஏதோ காட்டு மரம்.

நவம்பர் 26

சுரண்டல் முடிந்தது. உப்புத்தாள், பிறகு தேங்காய் எண்ணெய். கழுத்து இப்போது கைக்குள் அடங்குகிறது, துடைப்பக்கட்டை மாதிரி. மெல்லிசான கம்பியும் மாற்றியாகிவிட்டது. கம்பி இதற்கு மேல் தாழ முடியாது, கட்டத்தில் பட்டு இரைகிறது. இந்தக் கிட்டாரில் இன்னும் மாற்றுவதற்கு எதுவும் பாக்கி இல்லை.

அழுத்தினேன். வழுக்கியது.

கிட்டாரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். இன்றைக்கு இவ்வளவு போதும், நோட்டை மூடு.

நவம்பர் 27

பந்து அழுத்தச் சொன்னாள். முடியாது என்றேன்.

நவம்பர் 29

எழுத்துத் தெரியாதவனுக்கு ஒரு வசதி உண்டு. எதையும் எழுதி வைத்துவிட்டு மறக்க முடியாது. குழுவில் வாசித்த ஒவ்வொரு பாட்டும், எந்தக் கம்பி, எத்தனையாவது கட்டம் என்று அப்படியே தலையில் இருக்கிறது. டாக்டரின் படத்தில் அதெல்லாம் விழவில்லை போலும். விடியற்காலையில் படுத்துக்கொண்டே நாலு பாட்டையும் மனதுக்குள் வாசித்துப் பார்த்தேன்.

அப்போதுதான் பிடிபட்டது. பாட்டு எவ்வளவு ஓடினாலும் பேஸ் கடைசியில் மூன்று இடத்தில்தான் வந்து நிற்கும். ச, ம, ப. அந்த மூன்றையும் சுண்டினால் பாட்டு கீழே விழாது. பாட்டு ஆறு கட்டை சுருதியில் இருந்தால், அந்த மூன்றும் கிட்டாரின் முதல் மூன்று கம்பிகளில் சும்மாவே இருக்கின்றன! அழுத்தவே வேண்டாம். தடித்த கம்பியைச் சுண்டினால் ப. இரண்டாவது ச. மூன்றாவது ம. மற்ற கம்பி அதிராமல் இடது கை சும்மா தொட்டு அணைத்தால் போதும். தொடுவதற்கு வாயு தடுக்காது.

பல் விளக்காமல் போய் ஸ்தனிஸ் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“எனக்கு உண்டான நாலு பாட்டும் ஆறு கட்டையில வேணும். இந்தக் கிட்டாரு அதுலதான் நல்லா பேசுது.”

அவன் லுங்கியோடு நின்றான். ஒரு பாட்டு ஐந்து கட்டை, ஒன்று நாலரை, எல்லாவற்றையும் தூக்கி ஆறில் போட்டால் சுகுணா தொண்டை கிழியும் என்று எனக்கே தெரியும். அவன் சண்டை போடுவான் என்று பதில்கள் வைத்திருந்தேன்.

“சரிண்ணே” என்றான். “சுகுணாகிட்ட நான் சொல்லிக்கிறேன். அடுத்தடுத்து வர்ற மாதிரி வரிசை போட்டுர்றேன்.”

ஒரு கேள்வி கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? வைத்திருந்த பதில்களோடு திரும்பி வந்தேன். வழியெல்லாம் எரிச்சலாக இருந்தது.

டிசம்பர் 3

ஒத்திகை. நாலு பாட்டும் ஒழுங்காக வந்தது. ஸ்தனிஸின் இடது கை அவன் தொடை மேல் இருந்தது. அடிக்கடி திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

தபேலாக்காரர், “பெரியவரே, கம்மியா வாசிச்சாலும் கனமா இருக்கு” என்றார். கம்மியாமே!

டிசம்பர் 6

சுகுணாவுக்குச் சளி. மிளகு ரசம் வைத்துக் கொடுத்து அனுப்பினோம். பிலோமி வைத்தது, நான் சொன்னது. அந்தத் தண்ணீர் பாட்டில் விஷயம் இதோடு தீர்ந்தது என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

டிசம்பர் 9

நேற்றுக் கச்சேரி. இவள் வேகமாக எழுத வேண்டும், நான் நிறுத்திச் சொல்லப் போவதில்லை.

கோயில் திடல் நிறைய ஜனம். முதல் வரிசையில் பங்குச் சாமியார், அவர் பக்கத்தில் ஹேசலம்மா, தொப்பியோடு. நான் மேடை ஏறும்போதே, “அந்த வெறகோட வந்துட்டான் மேன்!” என்று அவர் சொன்னது மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது. சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

முதல் பாட்டு மாதா பாட்டு. ச, ப, ச. திடல் அதிர்ந்தது. நெஞ்சுக்கூட்டுக்குள் அந்தச் சத்தம் வந்து உட்கார்ந்தது, பழைய இடத்தில். இரண்டாவது பாட்டும் நின்றது. மூன்றாவது, ஆட வைக்கிற பாட்டு. இளவட்டங்கள் எழுந்துவிட்டார்கள். சுகுணா மேலே போகும் இடத்தில் குரல் கம்மியதை நான் கவனித்தேன். கவனித்தும் யோசிக்கவில்லை. எத்தனை டிசம்பர், எத்தனை சளி பார்த்தவன் நான்! யோசித்திருக்க வேண்டும்.

நாலாவது பாட்டு. மழைப் பாட்டு. பல்லவி முடிந்ததும் சுகுணா ஸ்தனிஸ் பக்கம் திரும்பி, ஆள்காட்டி விரலைப் பாதியாக மடக்கி, கீழே காட்டியது.

மேடையில் இருப்பவர்களுக்கு அது என்னவென்று தெரியும். தொண்டை எட்டவில்லை, அரைக் கட்டை இறக்கு. எல்லாக் குழுவிலும் உள்ள வழக்கம்தான். அந்தக் காலத்தில் நாங்கள் விரலை ஒரு கட்டம் கீழே தள்ளுவோம், முடிந்தது. கீபோர்டுக்கு ஒரு பொத்தான். லீட் கிட்டார் பையனுக்குக் கையை நகர்த்தினால் சரி. இடையிசை முடிந்து சரணம் எடுக்கும்போது எல்லோரும் ஐந்தரை கட்டையில் இருப்பார்கள்.

என் கம்பிகள் ஆறு கட்டையில் நிற்கின்றன. அழுத்தாத கம்பிக்குக் கீழே ஏது கட்டம்? இடையிசை தபேலாவும் புல்லாங்குழலும், எட்டு ஆவர்த்தம்.

ஸ்தனிஸ் பொத்தானை அழுத்தினான். என்னைப் பார்த்தான். அப்போது அவனுடைய இடது கை தொடையிலிருந்து எழுந்து, கீபோர்டின் கோடிக்கு மேலே வந்து நின்றது. தொடவில்லை. நின்றது. நான் தலையை ஆட்டினால் போதும், பேஸ் வந்துவிடும், திடலில் ஒருவருக்கும் தெரியாது. நான் கம்பியைச் சும்மா தடவிக்கொண்டு நிற்கலாம். ஐம்பதாவது வருஷத்துப் போட்டோவில் விழலாம்.

அவன் முகத்தில் கேலி இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“எட்றா கைய!” என்றேன். மைக்கில் விழுந்ததாம். பிலோமி சொல்கிறாள்.

எடுத்தான். எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான், பள்ளிக்கூடத்தில் நிற்பது போல.

என் இடது கை கழுத்தின் உச்சிக்குப் போனது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும். இரண்டாவது கம்பியின் சாவியைப் பிடித்தன. வலது கையால் கம்பியைச் சுண்டிக்கொண்டே திருகினேன். சத்தம் அப்படியே கிணற்று வாளி மாதிரி இறங்கியது. கொஞ்சம் அதிகமாக இறங்கிவிட்டது, ஏற்றினேன். நின்றது. ஐந்தரை. ச கிடைத்துவிட்டது. சுகுணா சரணத்தை எடுத்தபோது நான் சரியாக அதன் காலடியில் இருந்தேன். அப்படி இறக்கியது ஏதோ புதுப் பாணி என்று நினைத்து இளவட்டங்கள் விசில் அடித்தார்கள்.

ஆனால் சரணத்தில் ப வர வேண்டும். தடித்த கம்பியை இன்னும் இறக்கவில்லை. அந்த இடத்தில் பேஸ் இல்லை. வெறும் பள்ளம். மறுபடி ச வந்தது, சுண்டினேன். ப வரும் இடமெல்லாம் சாவியைத் திருகினேன். இரண்டாவது சரணத்துக்கு ப வந்து சேர்ந்தது. ம வரவே இல்லை. ம வர வேண்டிய இடத்திலெல்லாம் சும்மா இருந்தேன். சும்மா இருப்பதும் வாசிப்புதான். வாசிக்கத் தெரியாதவனுக்கு அது புரியாது.

ஸ்தனிஸ் பாட்டு முடியும்வரை ஒற்றைக் கையால் வாசித்தான். அந்தப் பள்ளங்கள் வந்தபோதெல்லாம் அவன் தோள் துடித்ததைப் பார்த்தேன். கை வரவில்லை.

முடிந்ததும் கைதட்டல். அது சுகுணாவுக்கு. எனக்கு வாத்தியத்தை இறக்கி வைக்கத் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஸ்தனிஸ் வந்தான். சோடா கொண்டுவந்தான். இடது கையால் நீட்டினான். பார்த்தேன். வலது கைக்கு மாற்றி நீட்டினான்.

“என்னடா?”

“ஒண்ணுமில்லண்ணே.”

“சொல்லு. என்னவோ சொல்லத்தான வந்த.”

“கடைசிப் பாட்டுல பேஸ் பாதி இல்லண்ணே.”

“சரி. இருந்த பாதி யாருது?”

 மூக்கை உறிஞ்சினான். அவனுக்கும் சளிதான், டிசம்பர் இல்லையா.

“ஒங்களுதுண்ணே.”

“அத மணப்பாறையில சொல்லியிருக்கணும்” என்று சொல்லிவிட்டு சோடாவை வாங்கிக் குடித்தேன்.

இது போதாதென்று ஹேசலம்மா கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். “ஏ மேன் இருதயம்! என்ன மேன் அது, சாவி திருகி வாசிக்கிற? டெரிக் இருந்தா ஒன்ன ஒதச்சிருப்பான்!”

“ஒதைக்கட்டும் மேடம்.”

“ஒதச்சிட்டு, அவனும் அடுத்த டான்ஸ்ல அதே மாதிரி பண்ணிப் பாத்திருப்பான் மேன். பொய்க்காரா, என் ஜப்பான் கழுத்து வளைஞ்சிருக்குன்னு சொன்ன இல்ல?”

நான் சோடா பாட்டிலுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 10

காலையில் இவளை ஹேசலம்மா வீட்டுக்கு அனுப்பினேன். அந்த ஜப்பான் பேஸை ஈஸ்டர்வரை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். ஈஸ்டருக்கு ஸ்தனிஸ் ஒரு கச்சேரி ஒத்துக்கொண்டிருக்கிறான். அதில் ஆறு கட்டை, ஐந்தரைக் கட்டை என்ற பேச்சே இருக்கக் கூடாது. யார் எந்தக் கட்டையில் வேண்டுமானாலும் பாடட்டும், இருமட்டும், விரலை மடக்கட்டும். நீளக் கழுத்தில்தான் வாசிப்பேன். விறகில் வாசித்ததெல்லாம் போதும்.

திரும்பி வந்தவள் மஞ்சள் பந்தைக் கொண்டுவந்து மேஜையின் இடது பக்கம் வைத்தாள். வைத்துவிட்டு நோட்டோடு உட்கார்ந்துகொண்டாள்.

இதைச் செய்தவனுக்கு ரப்பர் என்றால் என்னவென்று தெரியாது. பஞ்சுமிட்டாய் மாதிரி இருக்கிறது. கம்பியின் விறைப்பில் கால்வாசிகூட இல்லை. இதை அழுத்தி யாருக்குக் கை வரும்? ஆஸ்பத்திரிப் பெண்ணிடம் சொல்லி இதைவிட கெட்டியாக ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.

அழுத்தினேன். எழுதிக்கொள்.